சீனிச்சாமி வளர்த்த நாய்

1999ஆம் ஆண்டு மார்கழியிலிருந்து கம்பம் ஊரில் மண்டபத் தெருக்காரர்கள் ஒரு நாய்க்குட்டியின் எலும்பு வளரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகினார்கள். மலையில் மூங்கில் கணு வெடிக்குமே, ஏறத்தாழ அப்படிப்பட்ட சத்தம். முதல் வாரம் கரண்ட் கம்பியில் ஏதோ கோளாறு என்று நினைத்து லைன்மேனைக் கூட்டிவந்தார்கள். அவர் கம்பத்தில் ஏறி இறங்கிவிட்டு, கம்பி சரியாக இருக்கிறது, சத்தம் சீனிச்சாமி வீட்டுக்குள்ளிருந்து வருகிறது, எலும்பெல்லாம் எங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துப் போனார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் போதும் என்று இருக்கிற ஊர் அது.

சீனிச்சாமியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதிகம் இருக்கிறது என்று அவர் நம்பியதால்தான் இத்தனையும் நடந்தது. அப்பா விட்டுப்போன கல்யாண மண்டபம் ஒன்று, தானே கட்டிய மாடி வீடு ஒன்று, அதன் முகப்பில் மயில் படம் போட்ட டைல்ஸ், நடக்கும்போது முன்னால் போகிற வயிறு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு நின்று உரக்கடை பொன்னுராஜிடம் தோற்றார். மண்டபத்தில் ஓசியில் கல்யாணம் நடத்தியவர்கள்கூட ஓட்டுப் போடவில்லை. ஏன் என்று மூன்று வருஷம் யோசித்து, கடைசியில் பொன்னுராஜ் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்த அல்சேஷன் நாயில் காரணத்தைக் கண்டுபிடித்தார். வாசலில் பெரிய நாய் நின்றால் உள்ளே இருப்பவன் பெரிய மனிதன். இந்த ஞானத்தை ஊரில் ஒருவரும் மறுக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் அவர் குமுளிக்குப் போய், கோட்டயத்திலிருந்து வந்திருந்த வியாபாரியிடம் கிரேட் டேன் குட்டி ஒன்றை வாங்கினார். ஜவுளிக்கடைப் பைக்குள் அடங்கிவிட்ட குட்டி. பாதங்கள் மட்டும் வேறொரு நாயிடமிருந்து இரவல் வாங்கியதுபோல் இருந்தன. வியாபாரி நேர்மையான ஆள், அல்லது விற்ற பிறகு நேர்மையாக இருப்பதில் நஷ்டமில்லை என்று தெரிந்தவர். “சாரே, இது சடசடன்னு வளரும். நம்மள்தான் பிடிச்சு நிறுத்தணும். பதுக்கெ, பதுக்கெ வளர்த்தணும். வேகம் தீற்றியா காலு வளஞ்ஞு போகும்” என்றார். சீனிச்சாமிக்கு மலையாளம் நன்றாகப் புரியும்; மெதுவாக வளர்க்க வேண்டும், அவசரமாகத் தீனி போட்டால் கால் வளைந்துவிடும் என்பதும் புரிந்தது. ‘வளரும்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மலையிறங்கினார்.

குட்டிக்கு மேஜர் என்று பெயர் வைத்தார். அந்த நாய் கடைசிவரை மைனராகவே இருந்தது வேறு விஷயம். காலையில் முட்டை, மதியம் ஈரல், சாயங்காலம் பாலும் கால்சியம் டானிக்கும், இடையில் அவருக்கு ஞாபகம் வரும்போதெல்லாம் ஆட்டுக்கால். பொங்கலுக்குள் குட்டி கன்றுக்குட்டி அளவாயிற்று, சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வருவதற்குள் உழவு மாடு அளவு. வீட்டுக்கு வருகிறவர்களைக் கூடத்துக்குக் கூட்டிப்போய் நாயைக் காட்டுவார். உயரம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மனைவி ஹேமாவதியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு நாய்க்குப் பக்கத்தில் நிறுத்துவார். “இவ எங்க வீட்டம்மா, அஞ்சடி. இப்பப் பாருங்க நம்ம மேஜர” என்பார். ஹேமாவதி கரண்டியோடு நின்றுவிட்டுப் போவாள். நாய்க்குச் சமைப்பது, கழுவுவது, அள்ளுவது எல்லாம் அவள் வேலை. வளர்ப்பது சீனிச்சாமியின் வேலை.

வளர்ந்தது உடம்பு மட்டும்தான். மேஜருக்குப் பால் பற்கள் விழவில்லை. குரைக்கத் தெரியவில்லை. பல்லி விழுந்தால் அலறி, மாட்டைவிடப் பெரிய உடம்பை இழுத்துக்கொண்டு ஹேமாவதியின் முந்தானைக்குள் ஒளியப் பார்த்தது. மூக்கு நுனி மட்டும் உள்ளே போனது. அவளுக்கு முதலில் அதைக் கண்டால் எரிச்சல்தான். ஆனால் அவள் துவைக்கப் போனால் துவைக்கும் கல்லருகே, கோலம் போட்டால் கோலத்தின்மேல் என்று அது அவள் பின்னாலேயே இருந்தது. அந்த வீட்டில் அவளைத் தேடி வந்த ஜீவன் வேறு எதுவும் இல்லை. எப்போதிலிருந்து அதைக் குட்டி என்று கூப்பிடத் தொடங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது.

2001 தேர்தலில் சீனிச்சாமி மறுபடியும் நின்றார். அதற்குள் மேஜர் ரேஷன் கடைக் கூரையின் உயரம். கழுத்தில் ஆளுயர மாலை போட்டு, இரட்டைக் கதவைத் திறந்து, குனிய வைத்து வெளியே கொண்டுவந்து ஊர்வலத்தின் முன்னால் நடத்தினார். ஊர் வாயைப் பிளந்தது உண்மை. சந்தைப் பக்கம் திரும்பும்போது ஆர்வக்கோளாறுள்ள யாரோ பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். பயந்த குட்டிகள் எல்லாம் செய்வதைத்தான் மேஜரும் செய்தது. அளவுதான் வேறு. கொடி பிடித்தவர்கள் முழங்கால் வரை நனைந்தார்கள், பிரச்சாரத்துக்கு வந்த பெண்களின் செருப்புகள் மிதந்து போயின. நாய் ஓடிப்போய்க் கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டு கூடத்துக்குள் புகுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. பொன்னுராஜ் பிரச்சாரமே செய்யாமல் ஜெயித்தார்.

வேறொரு மனிதர் என்றால் அத்தோடு புத்தி வந்திருக்கும். சீனிச்சாமிக்கு வந்தது புகழ். போடியிலிருந்தும் வடுகபட்டியிலிருந்தும் வேன் பிடித்து வந்தவர்கள் ஜன்னல் வழியாக நாயைப் பார்த்துவிட்டு அவரைக் கும்பிட்டார்கள். அவர் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கும்பிடுகளை வாங்கிக்கொண்டார். நேற்று வந்தவன் இன்று வந்தால் நாய் கூடுதலாக வளர்ந்திருக்க வேண்டும் என்று தீனியைக் கூட்டினார். மேஜர் அதன்பின் வெளியே வரவே இல்லை, 2003 தொடங்கும்போது வரவும் முடியாமல் போயிற்று. முதுகு மேல்தளத்தைத் தொட்டது. தலை ஒரு ஜன்னலில், வால் மறு ஜன்னலில். முன்னங்கால்கள் வில்லாக வளைந்து, முழங்கை தரையில் பட்டுப் புண்ணாகி, நிற்க முடியாமல் படுத்துவிட்டது. எலும்புச் சத்தம் இப்போது பகலிலும் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு ஒரு முனகல் வந்தது. சினிமா விட்டு வருகிறவர்கள் அந்த முனகலைக் கேட்டு, “மேஜர் கர்ஜிக்குது பாரு” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எதைக் கேட்க ஆசைப்படுகிறார்களோ அதுதான் அவர்கள் காதில் விழும்.

பக்கத்து வீட்டு சுமையாவுக்கு மட்டும் அது அழுகை என்று தெரிந்தது. அவள் இரும்புக்கடை ராஜா முகம்மதுவின் மனைவி, மூன்று பிள்ளை பெற்றவள். ஒருநாள் மதியம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடி ஹேமாவதியைக் கூப்பிட்டாள்.

“ஏன் ஹேமா, அந்தப் புள்ள அழுகுதே, உனக்குக் கேக்கலயா?”

“கேக்குதுக்கா. காலு வலிக்குது அதுக்கு. எண்ணெ தேச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நாங்க நாயத் தொட மாட்டோம். ஆனா அழுகுறது காதுல விழுகத்தான செய்யுது. சோறு எறங்கல எனக்கு. உங்க வீட்டுல என்ன சொல்றாக?”

“இன்னும் ஒரு அடி வளந்தா பேப்பர்ல போடுவாகன்னு சொல்றாக.”

சுமையா ஈரத் துணியைக் கொடியில் அறைந்து போட்டாள். அந்தச் சத்தத்தில் சீனிச்சாமியைப் பற்றி அவள் சொல்ல நினைத்ததெல்லாம் இருந்தது.

ஹேமாவதி உத்தமபாளையத்திலிருந்து கால்நடை டாக்டர் ஜெபராணியை வரவழைத்தாள். டாக்டர் அடுப்படி வழியாகக் கூடத்துக்குள் தவழ்ந்து போய், கால்களைத் தடவிப் பார்த்து, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து, வெளியே வந்து போர்டிகோவில் இருந்தவரிடம் சொன்னாள்: “இது நோயில்லங்க, அவசரம். பல்லப் பாத்தா மூணு மாசக் குட்டிதான். பிஞ்சு எலும்பு மேல இம்புட்டுக் கனத்த ஏத்தி வச்சிருக்கீக. தீனியப் பாதியா கொறைங்க, டானிக்கத் தூக்கிப் போடுங்க, மண்ணுத் தரையில விடுங்க. இல்லன்னா இந்த மழைக்குள்ள ரெண்டு காலும் ஒடிஞ்சு படுத்த எடத்துலயே செத்துரும்.”

“வெளிய விடணும்னா சுவத்தல்ல இடிக்கணும். மயிலு டைல்ஸ் ஒட்டுன சுவரு டாக்டரம்மா” என்றார் சீனிச்சாமி. பிறகு யோசித்து, “நம்ம ஒசரமாப் போனா நாலு பேருக்கு வயித்தெரிச்சல் வரத்தான் செய்யும்” என்றும் சொன்னார். டாக்டர் ஃபீஸ் வாங்காமல் போனாள். அன்று சாயங்காலம் முட்டை வழக்கத்தைவிட அதிகமாக வந்து இறங்கியது.

அடுத்த வாரம் கட்சிக்காரர் ஒருவருக்கு மாலை போட சீனிச்சாமி தேனிக்குப் போனார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் ஹேமாவதி அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் ஒச்சாண்டியைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினாள். ஒச்சாண்டி பின்வாங்கினார். “ஆத்தா, அண்ணே வந்தா என்னையச் சமாதி கட்டிருவாக. அதுவும் நானே கட்டுன சுவரு.”

“கட்டுன உங்களுக்குத்தான எங்கன இடிச்சா கூரை நிக்கும்னு தெரியும். முத அடி நான் அடிக்கிறேன். கேட்டா நான் இடிச்சேன்னு சொல்லுங்க.”

சொன்னபடி கடப்பாரையை வாங்கி மயிலின் கழுத்தில் அடித்தாள். டைல்ஸ் உடைந்த சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால் இரண்டாவது அடியையும் அவளே அடித்தாள். மதியத்துக்குள் முகப்புச் சுவர் முழுக்க இறங்கிவிட்டது, கூரை நின்றது. தெரு கூடி வேடிக்கை பார்த்தது. ஒரு செங்கல்லைக்கூட யாரும் எடுத்துப் போடவில்லை. மேஜர் வெளிச்சத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டது. “குட்டி, வாடா. ஒண்ணுமில்லடா, நான் இருக்கேன்ல” என்று அவள் தெருவில் முட்டி போட்டுக் கூப்பிட்டாள். புண்ணான முழங்கைகளால் ஊர்ந்து ஊர்ந்து அது வெளியே வந்தது. ராஜா முகம்மது பொக்லைன் ஏற்றுகிற ட்ரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். எப்படி அதில் ஏற்றினார்கள் என்பதை அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். சுருளிப்பட்டி போகும் வழியில் டிரைவர் பயந்து லாரி எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபோது, நெல் ஏற்றிய லாரியின் கனம் காட்டியது.

சுருளிப்பட்டியில் ஹேமாவதிக்கு அப்பா எழுதிக் கொடுத்த திராட்சைத் தோட்டமும் அதையொட்டிக் கொஞ்சம் புஞ்சையும் மோட்டார் ரூமும் இருந்தன. அங்கேயே தங்கிவிட்டாள். சீனிச்சாமி திரும்பி வந்து சுவரைப் பார்த்தார், உடையாத டைல்ஸ் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பொறுக்கினார், நாயை ஓய்வுக்கு அனுப்பியிருப்பதாக ஊருக்குச் சொன்னார். ஓட்டையில் ஷட்டர் போட்டுக் கார் ஷெட்டாக்கிக்கொண்டார். மனைவி எங்கே என்று கேட்டவர்கள் குறைவு. நாய் எங்கே என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

புஞ்சையில் மேஜருக்குக் கேப்பைக் கூழ்தான், காலையில் ஒரு அண்டா, சாயங்காலம் ஒரு அண்டா. முதல் மாதம் அது ஈரல் கேட்டு அழுதது. ஹேமாவதியும் சேர்ந்து அழுதாள், ஆனால் கொடுக்கவில்லை. தினமும் கொஞ்ச தூரம் உழுத மண்ணில் ஊர வைத்தாள், பிறகு நிற்க வைத்தாள், பிறகு நாலு எட்டு நடக்க வைத்தாள். எலும்புச் சத்தம் குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றது. வளர்ச்சி நின்றுவிட்டது. கனம் இறங்கத் தொடங்கியது. டாக்டர் ஜெபராணி மாதாமாதம் வந்து பார்த்து, இப்படியே போகட்டும் என்றாள். அப்படியே போனது. உயரம் துளியும் குறையவில்லை, விலா எலும்பும் தெரியவில்லை, கனம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. 2005 தையில் அது வெங்காயப் பாத்தியில் நடந்தால் ஒரு வெங்காயத் தாள்கூட மடங்கவில்லை. கால்கள் தாங்க வேண்டியது ஒன்றுமில்லாததால் தாமாகவே நேராகிவிட்டன. ஹேமாவதி அதைக் கூட்டிக்கொண்டு எடைமேடைக்குப் போனாள். இருவரும் ஏறி நின்றபோது மெஷின் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் எடையைக் காட்டியது. நாயை இறக்கிவிட்டு அவள் மட்டும் நின்றாள். அதே எடை. எடைமேடைக்காரர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

ஆடிக் காற்றுக்குத்தான் கவனம் தேவைப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று ஓட்டுக்கூரையைக் கழற்றும், வாழையை முறிக்கும். ஹேமாவதி வடக்கயிறு வாங்கி மேஜரைக் கிணற்றுக் கல்தூணில் கட்டினாள். மற்றவர்கள் நாயை ஓடாமலிருக்கக் கட்டுவார்கள், அவள் பறக்காமலிருக்கக் கட்டினாள். களை எடுக்க வந்த பெண்கள் ஒருநாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் பார்த்தார்கள், மூன்றாம் நாள் அதன் நிழலில் சோற்றுச் சட்டியை வைத்தார்கள்.

2006 ஆடியில் சீனிச்சாமி வெள்ளை வேட்டியோடும் ஒரு போட்டோக்காரரோடும் வந்து இறங்கினார். புரட்டாசியில் தேர்தல், ஃப்ளெக்ஸ் போர்டுக்குப் படம் வேண்டும். மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்த்த மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக விழும் என்பது. கல்தூணில் கட்டியிருந்தால் படத்தில் மரியாதையாக இருக்காது, தானே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கயிற்றை அவிழ்க்கப் போனார்.

“அவுக்காதீக. காத்து எறங்கிருச்சு” என்றாள் ஹேமாவதி.

“வளத்தவனுக்குத் தெரியாதா? நீ தள்ளி நில்லு, படத்துல விழுகப் போற.”

அவிழ்த்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். சுருளி மலையிலிருந்து இறங்கிய காற்று முதலில் திராட்சைப் பந்தலை அசைத்தது, அப்புறம் மேஜரைத் தூக்கியது, மேஜரோடு அவரையும் தூக்கியது. அவர் கயிற்றை விட்டிருக்கலாம், தலை உயரத்தில்தான் இருந்தார். போட்டோக்காரர் இன்னும் எடுத்துக்கொண்டிருந்ததால் விடவில்லை. தென்னை உயரம் போன பிறகு விட முடியவில்லை. அந்தரத்தில் மேஜர் நான்கு கால்களையும் உதறிக்கொண்டு அலறியது. கீழே அவர் அதைவிடப் பெரிதாக அலறினார். “ஏலே, கல்ல விட்டு எறிங்கலே! ஈட்டியால குத்தியாச்சும் எறக்குங்கலே, நாய் செத்தாலும் பரவால்ல!”

கூட வந்த கட்சிக்காரர்களில் இருவர் கல்லெடுத்தார்கள். ஹேமாவதி களைக்கொட்டோடு அவர்கள் முன்னால் போய் நின்றாள். “அது பயந்துபோயிருக்கு. எறிஞ்சா கைய ஒடிச்சிருவேன்” என்றாள். காற்று மேற்கே தள்ளினால் அந்தப் பக்கம் மலை, பாறை. குட்டிக்கு வானத்தில் நடக்கத் தெரியாது. மோட்டார் ரூமுக்கு ஓடி, கூழ் அண்டாவை வெளியே இழுத்துப் போட்டு, சாயங்காலம் தட்டுவதுபோல் கரண்டியால் தட்டினாள். தட்டிக்கொண்டே, “குட்டி, வாடா. மெதுவா வா. அவசரமில்ல, மெதுவா வா” என்று கூப்பிட்டாள். மேஜர் அலறலை நிறுத்திக் காதைத் திருப்பியது. கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைபோல முன்னங்கால்களால் காற்றைத் தள்ளித் தள்ளி, திராட்சைப் பந்தலுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, வெங்காயக் காட்டில் இறங்கியது. இறங்கியதும் தலையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தது. மாட்டு வண்டி அளவு தலை. மடித்த துண்டின் கனம்கூட இல்லை. அவள் அதன் காதுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

சீனிச்சாமி தண்ணீர் பாய்ந்த பாத்தியில் குப்புற விழுந்திருந்தார். எழுந்து, வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, போட்டோக்காரரிடம் கேட்டார்: “படம் விழுந்துச்சா?”

விழுந்திருந்தது. புரட்டாசியில் தெருவுக்குத் தெரு அவர் வானத்தில் தொங்கும் ஃப்ளெக்ஸ் நின்றது. கீழே ‘வானமே எல்லை’ என்று போட்டிருந்தார்கள். நாயின் வயிறு மட்டும் மேலே ஓரத்தில் மேகம்போலத் தெரிந்தது. இரண்டு முறை அவரைத் தோற்கடித்த அதே ஊர் இம்முறை அவரைப் பெரும் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. பறந்த ஆள் சும்மாவா என்று பேசிக்கொண்டார்கள். ஐந்து வருஷத்துக்குக் கவுன்சிலர். சாக்கடை அடைத்த இடத்தில் அடைத்தபடியே இருந்தது. விழாக்களில் பக்கத்தில் நிற்க வீட்டம்மா வேண்டும் என்று ஹேமாவதிக்கு ஆள் அனுப்பினார். “ஒசரம் காட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க” என்று அவள் வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். மேடைகளில் அவர் இன்றும், ஒரு நாயை எப்படி வளர்க்க வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்கிறார். இளைஞர்கள் கை தட்டுகிறார்கள்.

அந்த ஆடிக்குப் பிறகு மேஜருக்கு உயரத்தின்மேல் பயம் போய்விட்டது. காற்று இறங்கும் நாட்களில் தானாகவே வந்து கழுத்தைக் காட்டும். ஹேமாவதி கயிற்றைக் கட்டி நீளமாக விட்டுவிட்டு வெங்காயம் உரிக்க உட்காருவாள். 2010 ஆடி அமாவாசைக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் சுருளி அருவியில் தர்ப்பணம் கொடுக்க வந்தது. கம்பத்திலிருந்து ஏறிய டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அம்மாள், சுருளிப்பட்டி தாண்டியதும் வெளியே பார்த்து, மாடி வீட்டளவு நாய் ஒன்று தென்னை மரங்களுக்கு மேல் மல்லாந்து படுத்துத் தூங்குவதைக் கண்டு, “சார், சார், அங்க பாருங்க!” என்று கத்தினார். பஸ்ஸில் மற்றவர் யாரும் திரும்பவில்லை. கண்டக்டர் மட்டும், கத்தியவர் வெளியூர்க்காரர் என்பதால், குனிந்து ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார்.

“அது ஹேமாக்கா நாயிம்மா. காத்து நின்னா எறங்கிரும்” என்றார். “அருவிக்கு எத்தன டிக்கெட்டு?”